தசமியும் பத்துக் கிலோமீற்றரும்

இஞ்சாருங்கோ,

அன்றைக்கு எங்கள் விறாந்தையில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு ஒருவரும் மாற்றிக் கதைக்கக் கூடாது. கதிரையில் ஐயர், மடியில் போன வருடத்துப் பஞ்சாங்கமும் இந்த வருடத்துப் பஞ்சாங்கமும். வாசற்படியில் மகள் சுகந்தி. சுளகு இரவல் வாங்க வந்து, கதை சூடாக இருந்ததால் சுளகோடேயே நின்றுவிட்ட முன்வீட்டு லில்லி ரீச்சர். வாங்கில் உங்கள் தங்கச்சி பராசக்தி. பிறகு நான். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறதே, ஆட்டைத் திவசத்துக்கு நாள் பார்க்கக் கூடியிருந்தோம்.

நடந்ததைச் சொல்ல முதல் ஒரு புதினம். நான் மரதன் ஓடப் போகிறேன். ஐப்பசியில் யாழ்ப்பாண நகரத்தில் நடக்கிறதே, போன வருடம் என்னைக் கேளாமல் எங்கள் இருவருக்கும் பெயர் கொடுத்துவிட்டு வந்தீர்களே, அதே ஓட்டம். இளசுகளுக்கு நாற்பத்திரண்டு கிலோமீற்றர், எங்களைப் போன்றவர்களுக்குப் பத்து. போன முறை ஓட்டத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது நீங்கள் போய்விட்டீர்கள். நெஞ்சில் குத்துகிற இலக்கத் துண்டு இரண்டும் அலுமாரிக்குள் கிடக்கின்றன.

இந்த முறை நானே போய்ப் பதிந்தேன். பதிகிற இடத்தில் இருந்தவர், "பேரப்பிள்ளைக்கோ அம்மா?" என்று கேட்டார். "எனக்கு" என்றேன். பேனையை வைத்துவிட்டுச் சிரித்தார். அவருடைய சட்டையில் மூன்றாவது பொத்தான் வேறு நிறம். நூறு வருடம் போனாலும் அடையாளம் காட்டுவேன்.

என் சீனி வருத்தத்துக்கு நடக்கச் சொன்னார் டொக்டர். துணைக்கு என்று வந்த நீங்கள்தான் முதலில் ஓடத் தொடங்கினீர்கள். பத்து யார் தூரம் முன்னால் போய் நின்று, "வாறியோ, வீட்டை போறியோ?" என்று திரும்பிக் கேட்பீர்கள். நான் ஒரு நாளும் பதில் சொன்னதில்லை, மூச்சு இருந்தால்தானே. அந்தக் கேள்விக்கு ஒரு முறையாவது பதில் சொல்ல வேண்டும். அதற்குத்தான் இந்த ஓட்டம்.

மாசியில் கொக்குவில் ஸ்ரேசன் வரைக்கும் போய்த் திரும்பினேன். சித்திரையில் ரவுண் வரைக்கும். இப்போது அரியாலைக்குப் போய் வருகிறேன். சுகந்தியின் காற்சட்டை, மேலே உங்கள் பழைய சேட்டு, காலில் சப்பாத்து. ஒரு நாள் ஓட்டோக்காரன் ஒருவன் பக்கத்தில் நிறுத்தி, "அம்மா, ஆசுப்பத்திரிக்கோ? ஏறுங்கோ, காசு வேண்டாம்" என்றான். குருநகரில் இருந்து மீன் கொண்டுவருகிற றீற்றா, "ஆரோடை கோவிச்சுக்கொண்டு ஓடுறியள்?" என்று கேட்டாள். "ஒராளோடையே?" என்று சொல்லிவிட்டு ஓடினேன். அன்றைக்கு மூச்சு வாங்கவேயில்லை.

சரி, விறாந்தைக்கு வாருங்கள். ஐயர் ஏடு புரட்டி, "ஐப்பசி அபரபக்கத் தசமி. ஞாயிற்றுக்கிழமை வருகுது" என்றார். அந்த ஞாயிறுதான் ஓட்டம்.

"அம்மா, அடுத்த வருசம் ஓடலாந்தானே" என்றாள் சுகந்தி.

பராசக்தி விடுவாளா? "புருசன்ரை ஆட்டைத் திவசத்தண்டு சப்பாத்துப் போட்டுக்கொண்டு றோட்டிலை ஓடுறதோ, மச்சாள்? பிண்டம் வைக்கேக்கை ஆர் நிப்பினம், லில்லி ரீச்சரோ?"

"என்னை ஏன் இழுக்கிறியள்? நான் சுளகுக்கு வந்தனான்" என்றார் ரீச்சர்.

எனக்கு ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை. ஆனால் கண்டது மறக்காது. நான் ஐயரைக் கேட்டேன். "ஐயா, அவர் செத்தண்டைக்குத் தசமி எத்தினை மணிக்குப் பிறந்தது?"

அவர் பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டினார். "விடிய ஐஞ்சு இருபதுக்கு. அதுக்கு முதல் நவமி. அவர் ஆறரைக்குத்தானே மோசம் போனவர்?"

"ஆர் சொன்னது ஆறரை எண்டு? பிள்ளையார் கோயிலிலை ஐஞ்சு மணிக்கு மணி அடிக்கேக்கை அவற்ரை கை என்ரை கைக்குள்ளை குளிர்ந்துபோய்க் கிடந்தது. அவர் போனது நவமியிலை."

நான் அழுதுகொண்டு கிடந்த அன்று ஐயரிடம் நேரம் சொன்னது யாரோ, அவர்தான் திதியை மாற்றியது. மாதாமாதம் வந்த பன்னிரண்டு மாசியமும் பிழையான திதியில் படைத்திருக்கிறோம். ஒவ்வொரு மாதமும் ஒரு நாள் பிந்தித்தான் உங்களுக்குச் சோறு. பசி கிடந்தீர்களா?

பராசக்தி சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்தினாள். "நான்தான் சொன்னனான். நான் வந்தது ஆறரைக்கு. கூடப்பிறந்தவள் பக்கத்திலை நிக்காமல் அண்ணை போட்டாரெண்டு சனம் கதைக்குமெண்டு..." தலைப்பை இறக்கினாள். "அதுவுமில்லை. முதல்நாள் பின்னேரம் அண்ணை என்னட்டை வந்தவர். நெஞ்சுக்குள்ளை பிடிக்குதெண்டவர். 'மச்சாளிட்டைச் சொல்லிப்போடாதை, ஞாயிற்றுக்கிழமை ஓட விடாள்' எண்டவர். நானும் சொல்லாமல் விட்டிட்டன். கடைசி நேரத்திலை எண்டாலும் நான் அவருக்குப் பக்கத்திலை நிண்டிருக்கோணும், மச்சாள்."

பராசக்தி மேல் எனக்கு இருக்கிற கோபங்கள் உங்களுக்குத் தெரியும். கலியாணத்தன்று என் தாலிக்கொடியைத் தூக்கிப் பாரம் பார்த்தது முதல், சுகந்தி பிறந்தபோது "பெட்டையோ" என்று கேட்டது வரை. நாற்பத்துநான்கு வருடமாக ஒன்றும் உதிராமல் வைத்திருந்தேன். அன்றைக்குத் தேடினேன், ஒன்றும் கைக்கு வரவில்லை. குசினிக்குப் போய் அவளுக்குத் தேத்தண்ணி போட்டேன். சீனியும் சரியாகப் போட்டேன்.

அவள் பாதி குடித்துவிட்டுக் கேட்டாள். "அப்ப திவசம் சனிக்கிழமை. சமையல் நான் பாக்கிறன். ஞாயிற்றுக்கிழமை நான் எவடத்திலை நிக்கட்டும்?"

"அரியாலையிலை நில். எட்டாங் கிலோமீற்றர். அவடத்திலைதான் எனக்குக் கால் இழுக்கிறது. தேசிக்காய்த் தண்ணி கொண்டு வா. உப்புப் போடு."

"எவ்வளவு உப்பு?"

"நீ கறிக்குப் போடுற அளவு போடாதை."

ரீச்சர் சிரித்த சிரிப்பில் சுளகு கீழே விழுந்தது. ஐயரும் சிரித்தார். சுகந்தி மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இதை எழுதும்போது எழுத்துப் பிழை திருத்தித் தருகிறேன் என்று வந்தவளும் அவள்தான். எழுத்தைத் திருத்து, கதையைத் திருத்தாதே என்று சொல்லியிருக்கிறேன்.

நாளைக்குத் திவசம். நாளை மறுநாள் ஓட்டம். மழை வரும் என்கிறார்கள், வரட்டும். நான் ஓடுவேன். ஓட ஏலாவிட்டால் நடப்பேன். நெஞ்சுக்குள் ஏதும் பிடித்தால், பிடிக்குது என்று பக்கத்தில் நிற்கிற முதல் ஆளிடம் சொல்லிவிட்டு அவ்விடத்திலேயே இருந்துவிடுவேன். இது சத்தியம்.

பராசக்தியை மன்னித்துவிட்டேன். சட்டைப் பொத்தான்காரரையும் ஓடி முடித்தபின் மன்னிப்பதாக இருக்கிறேன். ஒருவரை மட்டும் மன்னிக்க மாட்டேன். நெஞ்சு நொந்ததை என்னிடம் ஒளித்தவர். கலியாணம் கட்டிய நாளில் இருந்து அவருடைய பெயரை நான் வாயால் சொன்னதில்லை, கடதாசியில் எழுதினதும் இல்லை. இப்போது எழுதுகிறேன். சிவலிங்கம்.

உங்கடை மனுசி,
நாகேஸ்வரி