சாமான் காவல்

கல்லிடைக்குறிச்சி
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் காந்திமதிநாதனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் அம்மன் புண்ணியத்தில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், கனடாவில் நீயும் விஜயஸ்ரீயும் அப்படியே இருக்க வேண்டும். உடம்புக்குத்தான் ஒன்றுமில்லை, மனசு சரியில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உன்மேல் கோபமாக இருக்கிறேன். போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் எனக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிடுகிறார். அதனால்தான் தாளில் எழுதி, படம் பிடித்து, உன் வாட்ஸ்அப்புக்கு மட்டும் அனுப்புகிறேன். குடும்பக் குரூப்பில் போடவில்லை, அந்த மட்டும் உனக்கு மரியாதை மிச்சம்.

ஆவணியில் நாங்கள் அங்கே வரும்போது எல்லாருமாக ஏரிக்கரைக் காட்டுக்குள் மூன்று நாள் நடக்கப் போகிறோம் என்று வீடியோவில் வரைபடத்தை விரித்துக் காட்டினாய். முதல் நாள் இங்கே கூடாரம், மறுநாள் அங்கே, இந்தப் பாறைமேல் ஏறி நின்றால் ஏரி முழுக்கத் தெரியும் என்றாய். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள் கீரையை அப்படியே போட்டுவிட்டுக் கிட்டே வந்து உட்கார்ந்தேன். உனக்கு ஒரு பை, விஜயஸ்ரீக்கு ஒரு பை, அப்பாவுக்குக் கனமில்லாத பை, ஊன்றிக்கொள்ள ஒரு கம்பு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தவன் கடைசியில், அம்மா காட்டு வாசல் பக்கத்துக் காட்டேஜுல இருக்கட்டும், டிவி இருக்கு, மிச்சப் பெட்டியெல்லாம் அங்கனதான் கிடக்கும், பாத்துக்கிடுவாங்க என்றாய். விஜயஸ்ரீ ஒருத்திதான், அத்தைகிட்ட கேட்டீங்களா என்றாள். அதற்கும் நீதான் பதில் சொன்னாய், அம்மாவுக்கு இதெல்லாம் ஒத்துவராது, சாமான் பக்கத்துல இருந்தாத்தான் அவங்களுக்கு நிம்மதி என்று. உன் அப்பா, ஆமாலே, அவளுக்கு முட்டுவலி வேற, அங்கனயே இருக்கட்டும் என்று சிரித்தார். நீயும் சிரித்தாய். நான் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். செத்துப் போனவளைப் பற்றிப் பேசுகிற மாதிரிப் பேசி முடித்தீர்கள்.

சாமான் பக்கத்தில் எனக்கு நிம்மதி என்று உனக்கு யார் சொன்னது? வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையன் கோயிலுக்குப் போய் ஆற்றங்கரைக் காட்டில் குடில் போட்டுத் தங்குவோமே, அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறாய். அமாவாசை முடிந்து மறுநாள் நீங்கள் எல்லாரும் காரையாறு அணைக்குப் போய், படகேறி, அந்த ஏரித் தண்ணீரைக் கடந்து பாணதீர்த்த அருவியைப் பார்த்துவிட்டு வருவீர்கள். கிளம்புகிற நேரத்தில் யாராவது ஒருத்தர், நீங்க போயிட்டு வாங்க, நான் சாமானப் பாத்துக்கிடுதேன் என்று சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் குரங்கு வந்து சோற்றுப் பானையைக் கவிழ்த்துவிடும். அந்த வீட்டு மருமகள் நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது? சொன்னேன். நம் ஊரில் முதல் தரம் ஒருத்தர் வேண்டாம் என்றால் அது மரியாதைக்குச் சொல்வது, அதைப் பதிலாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. மோட்டார் ரிப்பேர் பார்க்க வருகிறவர் காபி வேண்டாம் அண்ணாச்சி என்றால் உன் அப்பா விடுகிறாரா? சும்மா குடியும்வே என்று டம்ளரைக் கையில் திணித்த பிறகுதான் மறுபேச்சு. மோட்டார்காரருக்கு உள்ள அந்த இரண்டாம் தரம் எனக்கு ஒரு வருஷமும் கிடைத்ததில்லை. நான் சொல்லி வாயை மூடுவதற்குள் எல்லாரும் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவீர்கள். நீ சின்னப் பையனாக இருந்தபோது ஒரு தடவை நனைந்த தலையோடு ஓடி வந்து, அருவி சாரல் படகு வரைக்கும் அடிச்சுதும்மா, நீ வந்திருந்தா பயந்திருப்ப என்றாய். உன் தலையைத் துவட்டிக்கொண்டே அழுதேன். ஏன் கண் செவந்திருக்கு என்று கேட்டாய், அடுப்புப் புகை என்றேன். பிறகு படகே நின்று போயிற்று. காரையாற்றுக்கு அத்தனை வருஷம் போய் வந்தும் அந்த ஏரிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இப்போது பூமிக்கு அந்தக் கோடியில் இன்னொரு ஏரியைக் கண்டுபிடித்து அங்கேயும் என்னைச் சாமானுக்குக் காவல் வைக்கிறாய். இந்தத் தடவை முதல் தரம்கூடக் கேட்கவில்லை.

முட்டுவலி கதையையும் கேள். பொங்கல் கழிந்ததிலிருந்து நானும் பக்கத்து வீட்டு மும்தாஜ் பேகமும் விடிந்ததும் வாய்க்கால் கரையோடு நடக்கிறோம். முதலில் மதகுக்கே மூச்சு வாங்கியது, இப்போது மதகைத் தாண்டி வயல் முடிகிற இடம் வரைக்கும் போய்த் திரும்புகிறோம், வலி போன இடம் தெரியவில்லை. மும்தாஜ் மகள் ஸமீஹாதான் திருநெல்வேலியிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடக்கிற ஷூ வாங்கி வந்தாள். அந்தப் பிள்ளைக்கு டவுனில் வேலை கிடைத்துவிட்டது, அவளிடம் இரண்டு வார்த்தை பேசு, சந்தோஷப்படுவாள். சேலைக்குக் கீழே ஷூ போட்டுக்கொண்டு போக முதலில் கூச்சமாக இருந்தது, இப்போது இல்லை. மாசக்கணக்காக அது வாசலில்தான் கிடக்கிறது. போன வாரம் உன் அப்பா அதைப் பார்த்துவிட்டு, எவனோ ஷூவ மறந்து போட்டுட்டுப் போயிருக்கான், வந்து கேட்டா குடுத்துரு என்றார். அந்த மனிதர்தான் எனக்கு முட்டுவலி என்று உனக்குச் சாட்சி சொல்கிறவர். மாடியில் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க ஏறினால் நடுப்படியில் நின்று மூச்சு வாங்குகிறவருக்குக் கம்பும் பையும், எனக்கு டிவியா? அதில் தமிழ் வருமா என்றாவது பார்த்தாயா?

வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன் என்று மற்றதைத் தள்ளிவிடாதே. கூடாரத்தைத் தண்ணீரை ஒட்டிப் போடாதே, மேட்டில் போடு, எங்கோ பெய்கிற மழை உன்னிடம் சொல்லிவிட்டு வராது. மூன்று நாளும் ஓட்ஸ் கஞ்சி என்றாயே, உன் அப்பா முதல் நாளே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அவலும் இட்லிப்பொடியும் அப்பளமும் கொண்டு வருகிறேன், அங்கே நெருப்பு மூட்ட விடுவார்கள் என்றால் அப்பளத்தைச் சுட்டுத் தின்னலாம். எல்லாருடைய பொடியையும் நான் சுமக்க மாட்டேன், அவரவர் பையில் அவரவர் பங்கு. கரடி வந்தால் ஓடக் கூடாது, சத்தம் போட வேண்டும் என்று சொன்னாய். சத்தம் போட இந்த வீட்டில் என்னை விட்டால் ஆள் ஏது?

ஆகவே ஆவுடைத்தாய் என்று முழுப்பெயரைக் கொடுத்து எனக்கும் அந்தக் காட்டுக்குப் பதிவு செய். முடியாது என்றால் என் விமான டிக்கெட்டை ரத்து செய்துவிடு, உன் அப்பா தனியாக வரட்டும். வெறும் வாய்ப்பேச்சு என்று நினைக்காதே. அம்மா வருத்தத்தில் எழுதியிருக்கிறாள், நிஜமாகவே வருவாளா என்று அப்பாவிடம் போன் போட்டு இரண்டாம் தரம் கேட்கவும் வேண்டாம். முதல் தரமே சொல்லிவிட்டேன், வருகிறேன்.

கோபம் உன்மேல்தானே தவிர உன் நல்லதின்மேல் இல்லை. நீயும் என் மருமகளும் குறைவில்லாமல், நோய்நொடி அண்டாமல் நன்றாக இருக்க வேண்டும். எனக்காக ஒரு வார்த்தை கேட்டதற்கு அவளுக்குத் தனியாக ஒரு டப்பா முறுக்கு வருகிறது, நீ அதில் கை வைக்காதே.

மறந்துவிடாதே, அந்தக் காட்டேஜ் கதவுக்கு நல்ல பூட்டாக ஒன்று வாங்கி வை.

இப்படிக்கு,
உன் அம்மா
தி. ஆவுடைத்தாய்