ஒரு கட்டை கீழே

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நலம்தானே என்று கேட்டு ஆரம்பிக்க முடியவில்லை. நீ நலமாக இல்லை என்று தோன்றுவதால்தான் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாதே. மூன்று வருடமாக என் எண்ணை பிளாக் செய்து வைத்திருக்கிறாய், தபாலை விட்டால் வேறு வழியில்லை. காலையிலிருந்து சமையலறை, மாடிப்படி, இப்போது பேருந்து நிறுத்தம் என்று இடம் மாற்றி மாற்றி எழுதுகிறேன். எங்கேயும் இருப்புக் கொள்ளவில்லை.

அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. ஊன்றுகோலை எடுக்கச் சொன்னால், "நான் என்ன கிழவியா?" என்று அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறாள். என் வீட்டுக்காரர் ஊருக்கெல்லாம் லிஃப்ட் சரிசெய்கிறார். எங்கள் கட்டடத்து லிஃப்ட் மட்டும் ஓடுவதில்லை.

இனி உனக்குத் தெரியாத செய்தி. அந்தக் கார்ட்டூன் இசைக்குழுவின் பாட்டில் விருந்தினராகப் பாடினாயே, அதில் உன்னோடு சேர்ந்து பாடும் நீலமுடிக்காரிக்குக் குரல் கொடுப்பது நான்தான். இரண்டு வருடமாகக் கொடுக்கிறேன். வரைந்த அந்த நான்கு பேருக்கும் பின்னால் நாங்கள் நான்கு பேர் இருக்கிறோம். யாரென்று வெளியே சொல்லமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. டாக்டர் தொண்டையில் கத்தி வைத்த பிறகு என் குரல் கரகரத்துப்போய் யாருக்கும் அடையாளம் தெரியாமல் ஆனது இந்த வேலைக்கு வசதியாகப் போயிற்று. உனக்கே தெரியவில்லையே.

உன்னை அழைக்கிறார்கள் என்றதும் விலகிவிட நினைத்தேன். நீ உன் ஊரிலேயே பாடி அனுப்பிவிடுவாய், நேரில் பார்க்க வேண்டியிருக்காது என்றார்கள். சரி என்றேன். உன் குரலைப் பக்கத்தில் கேட்கும் ஆசையும் இருந்தது.

எந்தப் பூச்சும் பூசாத உன் குரலை ஹெட்போனில் போட்டார்கள். இரண்டாவது சரணத்தில் மேலே ஏறும்போது குரலோடு காற்றும் கசிகிறது. ஒரே மூச்சில் பாட வேண்டிய வரியை இரண்டாக வெட்டுகிறாய். வரிக்கு வரி செருமுகிறாய்.  எனக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. சளி, தூசி, ஏசி என்று எட்டு மாதம் சாக்குச் சொல்லித் திரிந்தேன்.

இசையமைப்பாளரோ, "என்ன ஒரு ஏக்கம் பாருங்க," என்று பூரித்துப்போனார். அந்த இடத்தை இன்னும் உச்சத்தில் உன்னை இருபது முறையாவது பாடவைக்கப் போவதாகச் சொன்னார். உள்ளதைச் சொன்னால், உன் தொண்டை போய்விட்டது என்று மறுநாளே ஊரெல்லாம் பரவும். அதனால் பழியை என்மேல் போட்டுக்கொண்டேன். அந்த இடம் எனக்கு எட்டாது, பாட்டின் சுருதியை ஒரு கட்டை இறக்கினால்தான் பாடுவேன் என்று அடம்பிடித்தேன். "படத்துல இருக்கறவளுக்குப் பதினெட்டு வயசு, உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டார். மூன்று நாள் இழுபறிக்குப் பிறகு இறக்கினார்கள். அடுத்த பாட்டுக்கு வேறு குரல் தேடுகிறார்கள் என்று கேள்வி.

நீ அவருக்கு அனுப்பிய குரல் செய்தியை எல்லோர் முன்னாலும் போட்டார். "யாரு அந்தப் பொம்பள? பாட வரலைன்னா விலகிக்க வேண்டியதுதானே, என் பாட்டையும் ஏன் கெடுக்கறா?" என்று கேட்டிருந்தாய். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். திட்டு என் காதில் ஏறவில்லை. 'கெடுக்கறா' என்னும்போது உன் குரல் பாதியில் காணாமல் போனதுதான் ஏறியது.

கீழ்க்கட்டையில் நீ மறுபடி பாடி அனுப்பி, பாட்டு வெளிவந்து பத்து நாளாகிறது. தையற்கடையில் கேட்கிறேன், பேருந்தில் கேட்கிறேன். அம்மா கைபேசியைக் காதோடு வைத்துக் கேட்டுவிட்டு, "ரெண்டு பேரும் எப்போலேர்ந்து பேச ஆரம்பிச்சீங்க?" என்றாள். பால் பொங்குகிறது என்று சொல்லி எழுந்து போனேன். அடுப்பில் பாலே இல்லை.

சளியாகத்தான் இருக்கும், சரியாகிவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். நேற்று வானொலியில் உன் பேட்டி. நீ சிரித்தபோது சிரிப்பு இரண்டாகப் பிளந்தது. அடுத்த வாரத்திலிருந்து ஒன்பது ஊரில் வரிசையாக மேடை என்றாய். அதற்குமேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

மூன்று வருடம் முன்னால் நான் மருத்துவமனையில் கிடந்தபோது, நான் பாட வேண்டிய மேடையில் எனக்குப் பதிலாகப் பாடிவிட்டு, முகத்தின் மேக்கப்பைக்கூடக் கழுவாமல் என்னிடம் ஓடி வந்தாய். "என் தொண்டை போனதுல உனக்குத்தான் கொண்டாட்டம்," என்றேன். நரம்பில்லாத நாக்கு. அதற்கு நீ என்னோடு பேசாமல் இருப்பது நியாயம்தான். அந்தக் கோபத்தை அப்படியே வைத்துக்கொள். டாக்டரிடம் மட்டும் போ.

மேடை ஏறுவதற்கு முன்னால் போ. குழாய் விட்டுத் தொண்டைக்குள் பார்க்கச் சொல். எட்டு மாதம் முன்னாலேயே வந்திருந்தால், பேசாமல் இருந்தே ஆற்றியிருக்கலாம் என்று என் டாக்டர் சொன்னார். ஒன்றுமில்லை என்று தெரிந்தால் என்னைத் திட்டி நான்கு வரி எழுது, சந்தோஷமாகப் படிப்பேன். ஏதாவது இருந்தால் ஒன்பது ஊரும் காத்திருக்கட்டும். வாயே திறக்கக் கூடாது என்பார்கள். நான் வந்து உன்னோடு இருக்கிறேன். கதவைத் தட்டுகிறவர்களுக்கும் போன் செய்கிறவர்களுக்கும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நீ என்னோடு ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியிருக்காது.

நீ நெடுங்காலம் பாட வேண்டும், கண்ணே.

என்றும் உன்,
அக்கா