ஆண்டவன் மேல் போட்ட பழி

ஆனி மாதம், வியாழன் இரவு. திருப்பாதிரிப்புலியூர்.

நாளை சிதம்பரத்தில் தேர். எங்கள் தேவாரக் குழு ஆண்டுதோறும் தேருக்குப் பின்னால் நான்கு வீதிகளிலும் வெறுங்காலில் பாடிச் செல்லும். சென்ற ஆண்டு தார்ச்சாலை சுட்டு என் மனைவி கமலத்தின் பாதங்கள் கொப்பளித்தன. தெற்கு வீதியில் மயங்கி விழுந்தாள். ஆகவே இம்முறை வெயில் ஏறுமுன் ஒரு வீதியோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று இன்று கோயிலில் கேட்டேன்.

குழுத் தலைவர் சபாபதி சிரித்தார். "வெயிலு ஆண்டவன் குடுக்கறது மாமா. நாம என்னா பண்ண முடியும்?"

"வெளிய உங்க காரு ஏசியப் போட்டுக்கிட்டு ஒரு மணி நேரமா உறுமிக்கிட்டு நிக்குதே மாப்ள. அதையும் ஆண்டவனா ஓட்டறாரு?"

"நாலு வீதியும்தான்" என்று முடித்துவிட்டுச் சபாபதி காரில் ஏறினார்.

ஞாயிறு தரும் வெப்பத்தைப் பூமி மீண்டும் வெளிக்கு அனுப்ப வேண்டும். அதுவே இறைவன் வகுத்த ஒழுங்கு. நாம் எரித்த நிலக்கரியும் எண்ணெயும் கரியமில வாயுவாய் மேலே சேர்ந்து, வெளியேறும் வெப்பத்தை மறித்துப் பூமிக்கே திருப்புகின்றன. சிதம்பரத்தில் ஆகாயத்தையே இறைவனாகத் தொழுகிறோம். அந்த ஆகாயத்தில் நம் புகையைக் கொட்டிவிட்டு, பழியையும் அவன் மேல் போடுவது என்ன பக்தி?

கமலமோ, "நீங்க வரலன்னாலும் நான் நாலு வீதியும் போவேன்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள். அவளுடைய செருப்பை என் பையில் எடுத்து வைத்திருக்கிறேன். தேருக்குப் பின்னால் அவள் அதைப் போட்டு நடப்பது குற்றமென்றால், கூத்தன் என்னைக் கேட்கட்டும்.