பதினோரு தோல்விகளின் நீதிபதிக்கு

மாண்புமிகு நண்பா,

இன்று காலை செருப்பைக் கழுவலாம் என்று எடுத்தேன். அடியில் மைதானத்துச் சுண்ணாம்புப் பொடி சேறோடு சேர்ந்து அப்பியிருந்தது. தண்ணீர் பட்டதும் அந்த வாசனை கிளம்பியது பார், கோட்டுக்கு வெளியே நாம் நின்று கத்திய அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் என் குளியலறைக்குள் வந்து நின்றுவிட்டன. நான் செருப்பை மூக்கருகே வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பதை என் வீட்டுக்காரி பார்த்துவிட்டாள். "ரிட்டையர் ஆனா இப்படியெல்லாமா ஆகும்?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பதில் சொல்லக் குரல் இல்லை. மூன்று நாளாகத் தொண்டை கட்டிப்போய்க் கிடக்கிறது. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

செய்தி ஒன்று இருக்கிறது. எடுத்த எடுப்பில் சொன்னால் நீ நம்பமாட்டாய். வரிசையாகவே வருகிறேன்.

முதல் தோல்வி உனக்கு நினைவிருக்கும். மூளா ஆற்றுக்கு இந்தப் பக்கம் நம் கட்கி, அந்தப் பக்கம் தாபோடி. நடுவில் ஒரு பாலம். நடந்தால் ஒரு பீடி தீரும் தூரம்தான், ஆனால் மழை முடிந்து வரும் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அது இரண்டு வல்லரசுகளின் எல்லை. தாபோடிக்காரர்கள் புதிதாக அணி சேர்த்து நம்மைக் கால்பந்து ஆட்டத்துக்கு அழைத்தார்கள். "பாவம், ஆசைப்படுறாங்க, ரெண்டு கோலோட விட்டுடலாம்" என்று நான் பெருந்தன்மையாகப் பேசியதும் உனக்கு நினைவிருக்கும். நினைவில்லை என்று சொல்லிவிடேன், புண்ணியமாகப் போகும்.

கடைசி நிமிடத்தில் ஒரு பந்து, சோம்பேறித்தனமாக, காய்கறி வாங்கப் போகிறவனைப் போல உருண்டு வந்து, நம் கீப்பர் சந்தோஷின் இரண்டு கால்களுக்கும் நடுவில் புகுந்து வலைக்குள் போய் உட்கார்ந்தது. அன்று அவன் பேரைத் தவிர வேறெதிலும் சந்தோஷம் இல்லை. நூறு பேர் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். தமிழில் ஆரம்பித்து, மராத்தியில் வளர்ந்து, ஹிந்தியில் அவன் பரம்பரை வரை போனது வசவு. அவன் கையுறையைக்கூடக் கழற்றாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நீ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறினாய்.

"நிறுத்துங்கய்யா. கோல் உட்டது அவன் இல்ல. இதோ நிக்கிறாரே, இந்த ஆளோட சட்டை."

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் அன்று போட்டிருந்தது மஞ்சள் சட்டை. சாதாரண மஞ்சள் இல்லை. அதைக் கொடியில் காயப்போட்டால் பக்கத்து வீட்டுச் சேவல் நடுப்பகலில் கூவும். "எதுத்த கோல் கம்பத்துக்குப் பின்னாடி இந்தச் சட்டை நின்னா எவன் கண்ணுக்குப் பந்து தெரியும்?" என்று நீ வாதாடினாய். முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு பத்துப் பேர். கடைசியில் நூறு பேரும் என் சட்டையைத் திட்டினார்கள். சந்தோஷ் தலையைத் தூக்கினான். யாரோ அவன் கையில் டீயைக் கொடுத்தார்கள்.

நான் உன்னிடம் சண்டைக்கு வந்தேன். நீ என் காதோரம் சொன்னாய்: "யோவ், உனக்கு ஒரு சட்டை போச்சு. அவன் நாளைக்கு இவனுங்க மூஞ்சில எல்லாம் முழிச்சிக்கினு டூட்டிக்குப் போகணும்ல?"

அன்று பிறந்ததுதான் நம் நீதிமன்றம். இடம், பாலத்தடி டீக்கடை. நீதிபதி, நீ. சட்டப் புத்தகத்தில் ஒரே ஒரு சட்டம்: "ஆடினவன் பேரு இங்க வரக் கூடாது." மற்றபடி உலகத்தில் உள்ள எதன் மீதும் குற்றம் சாட்டலாம். தோல்விக்குக் காரணமான குற்றவாளி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டு, ஆயுளுக்கும் மைதானத்திலிருந்து விலக்கி வைக்கப்படும். அதற்கு முன் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது.

என் மஞ்சள் சட்டைக்குப் பின்னால் அந்தச் சிறைக்குப் போனவர்கள் எத்தனை பேர். ஒரு கறுப்புக் குடை. இடைவேளையில் தின்ற ஜவ்வரிசி வடை. ஒரு வருஷம் மேற்கிலிருந்து வந்த காற்றுக்கே தடை போட்டாய். அது உத்தரவை மதிக்காமல் அடுத்த வருஷமும் வந்தது. எல்லாவற்றிலும் கொடுமை, கோயம்புத்தூரிலிருந்து வந்த என் மைத்துனர் வழக்கு. அவர் பாவம், பந்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்றே தெரியாமல் இரண்டு பக்கத்துக்கும் கைதட்டினார். அன்று நான்கு கோல் வாங்கினோம். "உறவு வேற, நீதி வேற" என்று சொல்லி அவரை விலக்கி வைத்தாய். அவர் என் வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். இரண்டு தீபாவளிக்கு என் வீட்டில் எனக்குத் தனிச் சமையல் என்பதை உன் நீதிமன்றம் கவனத்தில் கொள்ளவே இல்லை.

தீர்ப்பு வந்ததும் செல்வராஜ் வருவான். தாபோடி ரசிகர்களின் தளபதி. கழுத்தில் டோல் மேளம், கையில் பேடா டப்பா. தோற்றவர்களுக்கு ஜெயித்தவன் கையாலேயே இனிப்பு ஊட்டுவது என்று அவனாகவே ஒரு வழக்கத்தை உண்டாக்கி வைத்திருந்தான்.

"வாயத் தொற மாமா. போன வருஷத்த விட இந்த வருஷம் நெய் ஜாஸ்தி."

"எனக்கு சுகர் இருக்குடா."

"தோக்குறவங்களுக்கு சுகர் ஏறாது மாமா. டாக்டரக் கேட்டுப் பாரு."

நீ மட்டும் வாயை அகலத் திறந்து வாங்கிக்கொள்வாய். மென்று முடித்துவிட்டு, "ஏலக்கா கம்மி. அடுத்த வருஷம் பாத்துக்க" என்பாய். தோற்றுவிட்டு வந்து ஜெயித்தவன் பேடாவில் குறை சொன்ன ஒரே மனிதன், பூமி உருண்டையில் நீ ஒருவன்தான்.

இப்படிப் பதினோரு வருஷம். பன்னிரண்டாவது ஆட்டத்துக்கு நீ இல்லை. சித்திரையில் போய்விட்டாய். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பேசியபோதுகூட, "இந்த வாட்டி எதத் தடை பண்ணலாம்னு யோசிச்சு வை" என்றாய். நான் யோசிக்கவில்லை. நீ இருப்பாய் என்றல்லவா நினைத்திருந்தேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போனேன். உன் மனைவி வந்திருந்தாள். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் வராதவள், மடக்கு நாற்காலியோடு வந்து, நீ நிற்கும் இடத்திலேயே போட்டு உட்கார்ந்தாள். "எத்தினி வருஷமா ஞாயித்துக்கிழம என்ன உட்டுட்டு எங்க போனாருன்னு பாக்கலாம்னு வந்தேண்ணே" என்றாள்.

நம் பிள்ளைகள் ஆடிய ஆட்டத்தை எப்படிச் சொல்வேன். அக்ஷய் ஓடிய ஓட்டத்தில் புல் பற்றிக்கொள்ளாதது மூளா ஆற்றின் கருணை. தாபோடியின் டோல் சத்தம் மெல்ல மெல்ல இறங்கி, இடைவேளைக்குள் ஏதோ வயிற்றுக் கடுப்புக்காரன் முனகல் போல ஆகிவிட்டது. கோல் மட்டும் விழவில்லை. நான் கத்தினேன் கத்தினேன், லோணாவளாவில் மேய்ந்த எருமைகள் தலையைத் தூக்கிப் பார்த்திருக்கும்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நீ வந்த பதினோரு வருஷமும் தோல்வி. நீ வராத முதல் வருஷம் ஜெயித்துவிட்டால்? நம் நீதிமன்றத்தின் சட்டப்படி, என் மைத்துனரை விலக்கி வைத்த அதே நியாயப்படி, குற்றவாளி நீயாகிவிடுவாய். ராசியில்லாத ஆள் என்று உன் பெயர் நின்றுவிடும். அதுவும் உன் மனைவி உட்கார்ந்திருக்கும்போது, அவள் காதில் விழும்படி.

என் வாய் தானாக மூடிக்கொண்டது. பதினோரு வருஷம் கட்கிக்காகக் கத்திய நான், கையைப் பிசைந்துகொண்டு, "விழாதே, விழாதே" என்று முணுமுணுத்தேன். நம் பையன் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியபோது எனக்கு நிம்மதிப் பெருமூச்சு வந்தது. இதை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன். வெளியே தெரிந்தால் கட்கியில் எனக்கு யாரும் பால்கூட ஊற்றமாட்டார்கள்.

ஆட்டம் முடியும் நேரம். மூலையிலிருந்து ஒரு பந்து உயரமாக வந்தது. தாபோடி கீப்பர், ஒல்லியான புதுப் பையன், எழும்பிப் பிடித்தான். பிடித்தது பிடித்தபடி, ஈர சோப்பு மாதிரி கையிலிருந்து வழுக்கிப் பின்பக்கமாகக் கோட்டைத் தாண்டியது.

என் முடிவெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. டாக்டர் படியேறக் கூடாது என்று சொன்ன முழங்காலோடு நான் குதித்த குதியில், இறங்கி வரும்போது விசில் ஊதி ஆட்டமே முடிந்திருந்தது. தொண்டை போனது அங்கேதான். சந்தோஷ், இப்போது தொப்பையும் இரண்டு குழந்தைகளும் உள்ள நம் பழைய கீப்பர், என்னைத் தூக்கிச் சுற்றினான். ஜெயித்துவிட்டோம் நண்பா. இதுதான் செய்தி.

டீக்கடையில் நம் ஆட்கள் கூடினார்கள். ஜெயித்தால் என்ன செய்வது என்று நம் நீதிமன்றத்தில் வழிமுறையே கிடையாது. ஆடினார்கள், அழுதார்கள், ஒருவர் டீயைத் தலையில் ஊற்றிக்கொண்டார். அப்போது செல்வராஜ் வந்தான். கழுத்தில் டோல் இல்லை, கையில் டப்பா இல்லை. அவனுக்குப் பின்னால், பாலத்து முனையில், அவன் ஆட்கள் அந்த ஒல்லிக் கீப்பரைச் சூழ்ந்துகொண்டு கிழித்துக்கொண்டிருந்தார்கள். தோற்றுப் பழக்கமில்லாதவர்கள், அவர்களுக்கு எப்படித் தெரியும்.

"மாமா, ஒரு கேஸு இருக்கு" என்றான். "பதினோரு வருஷம் அவரு வந்தாரு, நீங்க தோத்தீங்க. இந்த வருஷம் அவரு இல்ல, நீங்க ஜெயிச்சிட்டீங்க. உங்க கோர்ட்டு இன்னா சொல்லுது?"

நான் வாயைத் திறந்தேன். வாழ்நாள் முழுக்க வாயாலேயே பிழைத்தவன், அந்த ஒரு தருணத்தில் காற்று மட்டும்தான் வந்தது.

உன் மனைவி எழுந்து வந்தாள்.

"அவருதான்" என்றாள். "சந்தேகமே வேணாம். வீட்லயும் அவரு டிவி முன்னாடி குந்தினா போதும், இந்தியாவே தோத்துரும். எழுதிக்குங்கண்ணே, பதினோரு தோல்விக்கும் அவருதான் குத்தவாளி."

யாரும் சிரிக்கவில்லை. அவள் செல்வராஜைப் பார்த்தாள்.

"இன்னிக்கு உங்க தோல்விக்கும் அவருதான். மேல குந்திக்கினு பந்தத் தட்டி உட்டது அவரு. அந்தப் புள்ளைய உடச் சொல்லுங்க. அவன் இன்னா பண்ணுவான் பாவம்?"

செல்வராஜ் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டான். பிறகு திரும்பிப் பாலத்தை நோக்கி நடந்தான். தூரத்திலிருந்து அவன் குரல் கேட்டது: "சோட் ரே உஸ்கோ. உடுங்கடா அவன. பந்தத் தட்டுனது இவன் இல்ல. கட்கிக் கெழவன், செத்தும் நம்மள உடல."

அங்கே ஒரு சிரிப்பு எழும்பியது. இங்கேயும்.

ஆக, ஆற்றின் இரண்டு கரையிலும் தண்டிக்கப்பட்ட ஒரே மனிதன் என்ற பெருமை உனக்கு. நான் பயந்தது நடந்துவிட்டது. உன் பெயர் மேல்தான் குற்றம் விழுந்தது. ஆனால் அதைச் சுமத்திய கையைப் பார்த்தபோது எனக்கு வலிக்கவில்லை. இத்தனை வருஷம் நீதிமன்றத்தை நடத்தியது நீ மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். நீ வீட்டுக்குப் போய் ஒவ்வொரு வழக்கையும் அவளிடம் சொல்லியிருக்கிறாய் போலிருக்கிறது.

செருப்பைக் காயவைத்துவிட்டு நடக்கப் போனேன். பாலத்தில் எதிரே அந்த ஒல்லிக் கீப்பர் வந்தான். என்னைத் தாண்டிப் போனவன், நின்று திரும்பி வந்தான்.

"அங்கிள், ஆப்கே வோ தோஸ்த் கைஸே தே?"

உங்கள் அந்த நண்பர் எப்படிப்பட்டவர் என்று கேட்கிறான். உன்னைப் பார்த்தே இராதவன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல், கரகரத்த குரலில், முதல் தோல்வியிலிருந்து ஆரம்பித்தேன். அவனோடு தாபோடிப் பக்கமாக நடந்தபடியே சொல்லிக்கொண்டு போனேன். பாலம் முடிந்துவிட்டது, நான் மூன்றாவது தோல்வியைக்கூடத் தாண்டவில்லை. அவன் வீட்டுக்குப் போகவில்லை. திரும்பி, என்னோடு கட்கிப் பக்கமாக நடக்க ஆரம்பித்தான்.