உப்புக் காணியின் கதவு

அண்ணே,

உன் கம்பளி காயமாட்டேன் என்கிறது. அண்ணி அதைக் கொண்டுவந்து மாதக்கணக்காகிவிட்டது. துவைக்க எனக்கு மனம் வரவில்லை. வெயில் கண்ட நாளெல்லாம் தேயிலைத் தோட்டத்து லயத்து வாசலில் கொடியில் மட்டும் போடுகிறேன். பகலில் காய்ந்தது போலத்தான் இருக்கும். பின்னேரம் கந்தப்பளைக்கு மேலே பனிமூட்டம் இறங்கினால் போதும், மறுபடியும் ஈரம் கோத்துக்கொள்ளும். உப்பு ஊறின துணி அப்படித்தானாம், அண்ணி சொல்கிறார். வன்னி வெக்கைக்குக் கம்பளி எடுத்துக்கொண்டு போன ஒரே மனுசன் நீதான். அதை மடித்து வரப்பில் போட்டு உட்கார்ந்தே தேய்த்திருக்கிறாய். இன்றைக்கு மோந்து பார்த்தேன். அடுப்புப் புகை வாசம் இல்லை, உன் வாசமும் இல்லை, அந்தச் சேற்று வாசம்தான் அடித்தது. எனக்கு எரிச்சல் வந்தது. செத்த பிறகும் ஒரு வேலையை ஒழுங்காக முடிக்க விடமாட்டாயா?

போன மழைக்காலத்தில் வயலில் நின்ற தண்ணீரில் இறங்கி, எலிக்காய்ச்சலை வாங்கிக்கொண்டு, கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினாய். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் தனியாக இருக்க முடியாமல் அண்ணி லயத்தில் என் ஒற்றை அறைக் காம்பராவுக்கு வந்துவிட்டார். இப்போது ஆவணி முடியப்போகிறது. யாரோ ஒரு முதலாளி வன்னியில் கிடக்கும் உங்கள் காணியைக் கேட்டுப் போன் மேல் போன் போடுகிறார். குழி வெட்டி இறால் வளர்ப்பாராம். மழைக்கு முன்னால் பதில் வேண்டுமாம். அண்ணி என் முகத்தைப் பார்க்கிறார். நான் கொழுந்துக் கூடையைப் பார்க்கிறேன்.

கை ஒரு பக்கம், நினைப்பு ஒரு பக்கமாகத்தான் மலையில் நிற்கிறேன். நேற்றுக் கங்காணி என் கூடைக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். "என்ன பாக்கியம், கொழுந்து எடுக்கிறியா, மாட்டுக்குத் தழை ஒடிக்கிறியா?" பக்கத்து நிரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். முத்தின இலையாகவே பறித்திருந்தேன். மனம் வன்னிக் களிமண்ணில் கிடந்தால் கை என்ன செய்யும்?

இந்தத் தோட்டத்தில் கான் வெட்ட உன்னை அடித்துக்கொள்ள ஆள் இருந்ததில்லை. மலைச் சரிவில் மழைத் தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் வடிகால் வெட்டுவது சும்மா விஷயமில்லை. நீ மட்டம் பார்க்கக் கயிறு கூடப் பிடிக்கமாட்டாய். குந்தி உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாய், பிறகு மம்பட்டியைப் போடுவாய். "தண்ணிக்கு வழி காட்டினா போதும், மத்ததை அது பாத்துக்கும்" என்பாய். அந்தக் கர்வத்தையும் மூட்டை கட்டிக்கொண்டுதான் வன்னிக்குப் போனாய்.

அண்ணியின் ஆட்களும் வலப்பனைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள்தான். கலவரத்தில் அடிபட்டு வடக்கே போய்க் காடு வெட்டிக் குடியேறினவர்கள். சண்டையில் எல்லாவற்றையும் விட்டு ஓடி, முடிந்த பிறகு திரும்பி வந்து பார்த்தால் அந்தக் காணிதான் மிச்சம். கல்யாணம் பேசி முடித்த கையோடு நீ அங்கே போகிறேன் என்றபோது நான் ஆடித் தீர்த்துவிட்டேன். "உப்பு விளையிற எடத்துல நெல்லு வெளையுமா? உனக்குக் கிறுக்கா அண்ணே?" என்று கத்தினேன். நீ வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு சொன்னாய்: "உப்பா இருந்தாலும் சொந்த உப்பு, புள்ள."

சொந்த உப்பாம்! ஆறு கடைசியாக வந்து விழும் பள்ளம் அது. அதற்கு அப்பால் கடல் தண்ணீர் ஏறி இறங்கும் களப்பு. மாரியில் ஆறு பொங்கினால் வயலெல்லாம் தண்ணீர் நிற்கும். கீழே களி, ஊறவும் ஊறாது, வடியவும் வடியாது. பிறகு மாதக்கணக்கில் ஒரு பொட்டு மழை கிடையாது. நின்ற தண்ணீர் வெயிலில் வற்றி, மண்ணுக்குள்ளே இருந்த உப்பு மேலே வந்து வெள்ளையாய்ப் பூக்கும். நீ இதைப் பார்த்துவிட்டு, "அட, இது வெறும் கான் வேலைதானே!" என்றாய். மலைக்காரனுக்கு எங்கே தண்ணீர் நின்றாலும் கான் ஞாபகம்தான் வரும். பக்கத்துக் காணிக்காரர் வந்து வரப்பில் நின்று, "தம்பி, உந்த வாய்க்காலை இவ்வளவு ஆழமா வெட்டாதையும். தண்ணி போற வழியாலதான் திரும்பி வரும்" என்று சொல்லியிருக்கிறார். நீ கேட்டால்தானே! வயலிலிருந்து களப்பு வரைக்கும் இடுப்பளவு ஆழத்தில், நம் தோட்டத்துக் கான் போலவே நேராக வெட்டிவிட்டாய்.

அந்த மாரியில் போன் எடுத்து, "ஓடுது புள்ள, சத்தத்தைக் கேளு" என்று போனைத் தண்ணீர்ப் பக்கம் பிடித்தாய். எனக்கு இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் கேட்கிறது, கேட்கிறது என்றேன். மழை விட்டு ஆறு இளைத்து, காற்றும் திரும்பியதும், நீ வெட்டிய அதே கானால் களப்புத் தண்ணீர் வயலுக்குள்ளே ஏறியது. மலையில் மேடு எது, பள்ளம் எது என்று தண்ணீரே சொல்லும். அங்கே எல்லாம் தட்டை. தண்ணீருக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான். கதிர் வரவேண்டிய பயிர் நுனி கருகி நின்றது. அன்றைக்கு நீ போன் எடுக்கவில்லை, அண்ணிதான் எடுத்தார்.

நான் அங்கே வந்தது அதற்குப் பிறகு வந்த கோடையில். கால் வைத்த இடமெல்லாம் தரை அப்பளம் போல நொறுங்கியது. நான் ஆசையாய்க் கொண்டுவந்த தேயிலையில் அண்ணி கிணற்றுத் தண்ணீர் ஊற்றித் தேத்தண்ணி போட்டுத் தந்தார். வாயில் வைக்க முடியவில்லை. "நம்ம தேயிலையவே கெடுத்துப்புட்டியே பாவி! கெளம்பு, அண்ணியையும் கூட்டிக்கிட்டு வா, போவோம்" என்றேன். நீ கானின் வாயில் குந்தியிருந்தாய். தலையைத் தூக்காமலே சொன்னாய்: "லயத்துக் கூரை ஒழுகினா யாருகிட்ட போய் நிக்கிறோம்? தோட்டத்துத் தொரைகிட்ட. இங்க பயிரு கருகினா என்னைய நானேதான் திட்டிக்கணும். அது எவ்வளவு சொகம் தெரியுமா புள்ள?" கோபத்தில் அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டேன்.

நீ கானை மூடவில்லை. அதன் வாயில் பலகையால் ஒரு கதவு செய்து போட்டாய். ஆறு பெருகி நல்ல தண்ணீர் வயலை மூடும்போது கதவைத் தூக்கவேண்டும். அது உப்பையும் கரைத்துக்கொண்டு வெளியே ஓடும். களப்பு ஏறுகிற நேரம் பார்த்து இறக்கிவிடவேண்டும். கொஞ்சம் அசந்தால் கழுவினதெல்லாம் வீண். நனைந்த பலகையைத் தூக்க ஒரு ஆளால் முடியாது. ஒரு முனையில் நீ, மறுமுனையில் அண்ணி. "மலையில வழி காட்டினா போதும். இங்க தண்ணிக்குக் காவல் இருக்கணும்" என்று ஒரு தடவை போனில் சொன்னாய். உன் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வரும் என்று நான் நினைக்கவே இல்லை. வருசா வருசம் அந்த வெள்ளை சுருங்கி, ஆற்றுப் பக்கத்திலிருந்து நெல் பிடித்துக்கொண்டே வந்தது. பாதிக் காணி வரைக்கும் வந்துவிட்டது என்று அண்ணி சொல்கிறார். அதற்குள் நீ போய்விட்டாய்.

"குடுத்துருங்க அண்ணி" என்று நான்தான் முதலில் சொன்னேன். அவர் லீக்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியை நிறுத்தவில்லை.

"குடுக்கலாம்தான். பச்சப் புள்ளையக் குளிப்பாட்டுற மாதிரி அந்த மண்ணைக் கழுவிக்கிட்டே இருந்தாரு உங்கண்ணன். இனி அவங்க வந்து குழி வெட்டி, வேணும்னே கடல் தண்ணிய உள்ள விடுவாங்க."

"அப்ப குடுக்காதீங்க."

"நான் ஒத்தையில அந்தக் கதவைத் தூக்க ஏலாது, பாக்கியம். இந்த மழைக்கு ஆள் இல்லாட்டி உப்பு மறுபடி ஏறிரும். பொறகு இருந்து என்ன, குடுத்து என்ன?"

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்றாவது சொல்லியிருப்பேன். கேட்காமல் விட்டதுதான் என்னை உட்காரவும் விடவில்லை, நிற்கவும் விடவில்லை. மழைக்காலம் முழுக்க வேலைக்குப் போகாவிட்டால் தோட்டத்தில் என் பேரை வெட்டிவிடுவார்கள். பேர் போனால் காம்பரா போகும். நம் அம்மா அப்பா இருந்து செத்த காம்பரா அது. கொழும்புக் கடையில் நிற்கும் என் மகன், "அம்மா, இருக்கிற கூரையையும் விட்டுட்டுப் போறேங்கிறியா?" என்று சண்டைக்கு வருகிறான். அவன் சொல்வதில் பிழை இல்லை. ஆனால் அந்தக் கூரை ஒரு நாளும் நமக்கு உரியதாய் இருந்ததில்லை என்பதும் பிழை இல்லையே. உன்னை நினைத்தால் ஆத்திரமாய் வருகிறது அண்ணே. என்னை எதற்கு இதில் மாட்டிவிட்டாய்? இருந்திருந்தால் உன்னோடு ஒரு பாட்டம் சண்டை போட்டுவிட்டு நிம்மதியாய்க் கொழுந்து எடுத்திருப்பேன்.

இன்றைக்குக் காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் எல்லோரும் வரிசையில் நின்றோம். கங்காணி என் பேரைக் கூப்பிட்டார். நான் முன்னால் போனேன்.

"நாளையிலேருந்து நான் வரல்லீங்க."

"ஏன், மேலுக்குச் சொகமில்லையா?"

"அண்ணன் காணிக்குப் போறேங்க. மழை முடியிற வரைக்கும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பேரை வெட்டிருவாங்க, தெரியுமில்ல? அண்ணன்தான் இல்லையே பாக்கியம், அங்க போயி என்ன செய்யப்போறே?"

"அண்ணன் இல்லைங்க. தண்ணி வருமே."

யாரும் சிரிக்கவில்லை. உடனே அண்ணிக்குச் சொல்லிவிடவேண்டும் என்று ஓட்டமும் நடையுமாய் வந்தேன். வந்து பார்த்தால் அவர் வாசலில் உட்கார்ந்து ஏற்கனவே அழுதுகொண்டிருந்தார். யாரோ எனக்கு முந்தி ஓடிவந்து சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது வெளியே தூறுகிறது. முன்பெல்லாம் மழைச் சத்தம் கேட்டால் நாளைக்குக் கொழுந்து துளிர்க்கும் என்றுதான் நினைப்பேன். இப்போது, ஆற்றில் எவ்வளவு வரும், களப்பு எந்தப் பக்கம் ஏறும் என்று கணக்குப் போடுகிறேன். நீ எனக்கு விட்டுப்போனது இந்தக் கணக்குதான். நீ செத்த சேதி அந்த ஆற்றுக்குத் தெரியாது அண்ணே. அது தன் பாட்டுக்கு இறங்கி வரும். பலகையின் ஒரு முனையை அண்ணி பிடிப்பார். மறுமுனையை நான் பிடிப்பேன்.