குளத்தடியிலிருந்து வந்த எண்கள்

2024 ஒக்டோபர் 8, செவ்வாய்

மூன்றாவது முறையாகவும் வயரை வெட்டிவிட்டார்கள். குளத்தில் பாசி அள்ள வந்தவர்கள். கேட்டால், "வேருன்னு நெனச்சோம் மிஸ்." சிவப்பு நிறத்தில் எந்த வேர் இருக்கும்?

ஓகஸ்ட் வறட்சியில் தண்ணீர் வற்றிக் கிடந்தபோது, தேயிலைத் தோட்டத்துக் குளத்தின் அணைச்சுவரடியில் மண்டியிட்டு நானே பூட்டிய கருவி. சுவர் எவ்வளவு சாய்கிறது என்று அளக்கும். வெள்ளைக்காரன் காலத்துக் கல்சுவர் அது. அதற்குக் கீழே சரிவில் தொழிலாளர் குடியிருக்கும் இரண்டு லயம், இருபத்திரண்டு குடும்பம். அதில் அம்மாவும் ஒருத்தி. பதுளையில் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. லீவு நாளில் தெமோதரைக்கு பஸ் ஏறி வருவது பொழுது போகாமலா?

இனி வயர் வேண்டாம். ரேடியோ அலையோ தண்ணீருக்குள் சில முழம் போவதற்குள் செத்துவிடும். மிச்சம் இருப்பது சத்தம் ஒன்றுதான்.

ஒக்டோபர் 19, சனி

இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஒலி எழுப்பும் பெட்டியைக் கருவியோடு சேர்த்துப் பூட்டினேன். இன்னொரு மழை பெய்தால் அடி எட்டாது.

கீச்சென்று ஒரு சத்தம் வந்தால் ஒன்று, கொஞ்சம் தாழ்ந்து வந்தால் பூச்சியம். அளவை இப்படிச் சத்தமாக்கி அனுப்பும். கரையோரம் மிதக்கும் பீப்பாயில் கட்டித் தொங்கவிட்ட ஒலிவாங்கி அதைக் கேட்டு, மறுபடி எண்ணாக்கி, நான் கரையில் நிற்கும்போது என் போனுக்குத் தரும்.

வந்ததெல்லாம் குப்பை. சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் அடுத்த சத்தத்தின் மேல் விழுகிறது. நாள் முழுக்க நனைந்ததுதான் மிச்சம்.

ஒக்டோபர் 24, வியாழன்

எதிரொலி அடங்கும்வரை பொறுத்து அடுத்த சத்தத்தை அனுப்பும்படி மாற்றினேன். ஓர் அளவு வந்து சேர நாற்பது வினாடி. ஆனால் பிசகில்லாமல் வருகிறது. சாய்வு: 0.2 பாகை.

நவம்பர் 2, சனி

குளம் நிரம்பிவிட்டது. குளத்தில் ஒரு மோட்டார் படகு!

பழைய பங்களாவை ஹோட்டலாக்கியவர்கள் தீபாவளி லீவுக்கு வருகிறவர்களைக் குளத்தில் சுற்றிக்காட்டுகிறார்களாம். எஞ்சின் இரைச்சலில் கருவியின் சத்தம் அடியோடு மூழ்கிப்போகிறது. காலை எட்டிலிருந்து மாலைவரை படகு. படகு நின்ற கையோடு ஹோட்டலுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் ஓட ஆரம்பிக்கிறது, மறுநாள் படகு புறப்படும்வரை. நாள் முழுக்க ஓர் எண்கூட உருப்படியாக வரவில்லை.

நவம்பர் 4, திங்கள்

தோட்டத்து மேனேஜர் தொரையைப் பார்த்தேன். தினமும் ஒரு மணி நேரம் படகை நிறுத்தச் சொன்னேன். ஒன்றே ஒன்று.

"உங்க மெஷின்ல என்ன வருது, மிஸ்?"

"இப்ப ஒன்னும் வரல. படகாலதான் வரல."

"ஒன்னும் வராத மெஷினுக்காக நான் படக நிறுத்தணுமா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். சுவர் கட்டும்போதே வளைவாகத்தான் கட்டினார்களாம். நின்றுகொண்டே பேசினேன். இத்தனை படித்தும், அந்த மேசைக்கு முன்னால் நாற்காலி இருந்தும், உட்காரச் சொல்லவில்லை. நானும் நின்றேனே! அதுதான் இன்னும் எரிகிறது.

நவம்பர் 5, செவ்வாய்

என் மேலதிகாரி இரகுநாதன் சேரிடம் கேட்டேன், மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லி. "பிள்ளை, ஒரேயொரு நாள் அளவை வைச்சுக்கொண்டு நான் என்னெண்டு எழுதுறது? ரெண்டாவது அளவைக் கொண்டு வாரும்."

அவர் சொல்வது சரி. சரி என்பதால் கோபம் குறைந்துவிடுமா?

நவம்பர் 12, செவ்வாய்

நான்கு நாளாக மழை.

அம்மாவிடம், பண்டாரவளையில் சித்தி வீட்டில் போய் இரு என்றேன். "நான் மட்டும் போயிட்டா மத்தவங்க? காலையில பெரட்டுல பேரு விழலன்னா வேல போயிரும். தொரகிட்ட நீ சண்ட போட்டது தோட்டம் பூரா தெரியும். எனக்கு எவ்ளோ அசிங்கம் தெரியுமா, கலா?"

அசிங்கமா? எனக்குப் பதினெட்டு வயதில் மலை சரிந்து மீரியபெத்தை லயங்களை மண் மூடியது. ஏ.எல். வகுப்பில் என் பக்கத்தில் இருந்த விஜயலெட்சுமியும் அதற்குள் போனாள். அவளை நான் மறக்கணுமா? யாருக்கு அசிங்கம்? போங்க எல்லாரும். எனக்கென்ன வந்தது?

போய்விட முடியவில்லை. அதுதான் பிரச்சினை.

நவம்பர் 16, சனி

கரையில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்த படகோட்டி ஸனூஸ் நானாவிடம் கத்தினேன். பாவம், பதுளை டவுன் மனிதர், ஐம்பது வயதிருக்கும். குளம் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினேன். அவர் கயிற்றை அவிழ்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "அந்த லயத்துல இருக்கியது யாரு தங்கச்சி?" என்றார்.

"எங்கம்மா."

அந்தச் சுற்றில் நடுக்குளத்தில் எஞ்சின் நின்றது. படகில் இருந்தவர்களிடம் எஞ்சின் பழுது என்று சொல்லி, துடுப்பைப் போட்டுக் கரைக்குக் கொண்டுவந்தார். அதன் பிறகு எஞ்சின் மூடியைத் திறந்துவைத்து, ஒன்றேகால் மணி நேரம் துணியால் எதையோ துடைத்துக்கொண்டே இருந்தார். ஹோட்டலிலிருந்து ஆள் வந்து இரண்டு தடவை விசாரித்துவிட்டுப் போனார்.

தண்ணீர் அமைதியாக இருந்தது. தொண்ணூற்றாறு அளவுகள் வந்தன. முதல் எண்ணைப் பார்த்துவிட்டுக் கருவி கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். தொண்ணூற்றாறும் அதையே சொல்லின.

1.1 பாகை.

ஆறு மீற்றர் சுவரின் உச்சி கிட்டத்தட்டப் பத்துச் சென்றிமீற்றர் வெளியே போயிருக்கிறது. லயத்துப் பக்கம்.

நவம்பர் 18, திங்கள்

இரகுநாதன் சேர் தாளை ஒருமுறைதான் பார்த்தார். "எங்கை ஒப்பம் வைக்கிறது?" என்றார். மாவட்ட அலுவலகத்துக்கும் அவரே கூட வந்தார்.

ஸனூஸ் நானாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

நவம்பர் 21, வியாழன்

உத்தரவு வந்தது. மதகைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுகிறார்கள். இருபத்திரண்டு குடும்பமும் பாடசாலை மண்டபத்தில். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

நவம்பர் 30, சனி

இந்த வாரம் கொட்டிய புயல் மழையிலும் சுவர் விழவில்லை. தண்ணீர் இல்லாத சுவர் எப்படி விழும்? இது ஒருவருக்கும் புரியவில்லை. "பாத்தீங்களா, ஒன்னும் ஆகல" என்று தொரை ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாராம். மண்டபத்தில் குழந்தைகளுக்குச் சளி, காய்ச்சல். "ஒங்க மக ஒரு பொட்டிய நம்பி எங்கள இழுத்து வெளிய போட்டுட்டா" என்று ஒரு கிழவர் அம்மாவிடமே சொல்லியிருக்கிறார். விழுந்திருந்தால் நம்பியிருப்பார்கள். விழுந்திருக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

டிசம்பர் 7, சனி

குளம் முழுக்க வற்றிவிட்டது. பொறியியலாளர்கள் சுவரடியில் சேற்றை வழித்திருக்கிறார்கள். மண்டபத்துப் பெண்களோடு அம்மாவும் பார்க்க வந்தாள்.

கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே நீளமாக ஒரு பிளவு. அம்மா கொழுந்து பறிக்கிற கையை அதற்குள் விட்டாள். முழங்கைவரை போயிற்று. வெளியே எடுத்து, சேற்றைச் சேலையில் துடைத்தாள்.

"இது தொரைக்குத் தெரியுமா?"

"ஒரு மாசத்துக்கு முந்தியே சொன்னேன்மா."

"நின்னுக்கிட்டா சொன்ன?"

"ஆமா."

அம்மா நகர்ந்து இடம்விட்டாள். மற்றப் பெண்களும் ஒவ்வொருத்தியாகப் பிளவுக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள். 

டிசம்பர் 9, திங்கள்

காலையில் அம்மா போன் எடுத்தாள். இன்று பெரட்டுக்கு ஒருவரும் போகவில்லையாம். பெண்கள் எல்லாரும் தொரையின் ஒப்பீசுக்குள் போய், நாற்காலி போதாமல் தரையிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். லயத்துக்குத் திரும்பப் போவதில்லை, வேறிடத்தில் வீடு வேண்டும், படகுக்காரருக்கு வேலை வேண்டும் என்று கேட்கிறார்களாம்.

"அந்த நம்பரெல்லாம் எழுதின தாள எடுத்துக்கிட்டு வா" என்றாள். "மெதுவா வா. நாங்க இங்கதான் இருப்போம்."