ஓட்டு இருக்கும் வீடு

இருங்காட்டுக்கோட்டை
9 ஜூன் 2024, ஞாயிறு

அன்பு ஷாரோன்,

நம் அறையிலிருந்து சுகப்பிரியா. நான் நலம், உன் அம்மாவும் நலம். காலையில் சேரப்பணஞ்சேரிக்குப் போய் அவர் வைத்த மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் நடுவிலேயே பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் கையால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

போன வாரம் நீ சொன்னதைக் கேட்டு முதலில் சிரித்தேன். நம்மை ஆண்ட வெள்ளைக்காரர் நாட்டில், வேலைக்குப் போன இந்தியர்களுக்கும் ஓட்டு உண்டு, சரி. ஆனால் நீ சொந்தமாக வீடெடுத்து இரண்டு வருடமாகியும் உன் ஓட்டு ஆற்றங்கரை நர்ஸ் விடுதியிலேயே இருக்கிறது. அடுத்த மாதத் தேர்தலன்று ரயிலேறிப் போய்ப் போட்டுவிட்டு வரலாம் என்றிருந்தாய். பார்த்தால், எல்லையைத் திருத்தி விடுதித் தெருவைப் பக்கத்துத் தொகுதியில் சேர்த்துவிட்டார்கள். தெரியாத தொகுதியில் யாருக்குப் போடுவது, இந்தத் தடவை வேண்டாம் என்கிறாய். நம் ஆட்களைத் தவிர வேறு யார் இப்படிச் செய்வார்கள்? ஏப்ரலில் ஒரு ஓட்டுக்காகச் சொந்த ஊர் போளூர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போனவள்தானே நானும்! குடிக்கும் தண்ணீரும் நடக்கும் சாலையும் இங்கே, ஓட்டு மட்டும் அங்கே.

ஆனால் நீ வேலை பார்க்கும் பிரசவப் பிரிவை மூடலாமா என்று வேட்பாளர்கள் சண்டை போடும்போது, அங்கே தினமும் குழந்தைகளைக் கையில் ஏந்துகிறவள் வாயை மூடிக்கொண்டிருக்கலாமா?

இப்போது உன் வீடு இருக்கும் தொகுதியின் கதையைத் தேடிப் படித்தேன். ஒரு காலத்தில் அது வெறும் சந்தை ஊர். சொத்துள்ள சில ஆண்கள் மட்டும் கூடிப் பாராளுமன்றத்துக்கு ஆளை அனுப்பினார்கள். பிறகு பருத்தி ஆலைகள் வந்தன. நம்மைப் போல எங்கிருந்தோ வந்தவர்கள் வாடகை அறைகளில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். அவர்களுக்கு ஓட்டுக் கிடைக்க வெகுகாலம் ஆனது, பெண்களுக்கு இன்னும் அதிக காலம். ஆனால் ஆள் கூடக் கூட எல்லைக்கோடும் அவர்கள் தெருக்களைத் தேடி வந்திருக்கிறது. நம் ஸ்ரீபெரும்புதூர் தொகுதியைப் பார், அம்பத்தூர் வரை போகிறது. கோடு நகரும், ஷாரோன். அது நகர்ந்ததற்காக நீ ஏன் விலக வேண்டும்?

உன் தயக்கம் தொகுதியைப் பற்றியது இல்லை என்று எனக்குத் தெரியும். 'ஓட்டு எங்க கீதோ அங்கதான் வூடு' என்று அம்மா ஒருமுறை சொன்னார். ஓட்டை மாற்றினால் அம்மா வீடு உன் வீடாக இல்லாமல் போய்விடுமோ என்று அன்றிலிருந்து அதை விடுதியிலேயே விட்டுவைத்திருக்கிறாய். விடுதி யாருக்கும் வீடு இல்லையே.

இன்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஜன்னலுக்கு நீ இன்னும் திரை வாங்காததையும் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். 'இன்னாம்மா இது, பஸ் ஸ்டாண்டுல குந்திக்கினு இருக்கறா மாதிரி! எங்க சோறு துன்றாளோ அங்கியே போடச் சொல்லு. என்னைப் பாக்க வர்றதுக்கு ஓட்டா வேணும்? பிளேன் டிக்கெட்டுதான் வேணும்' என்றார். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நானும் என் ஓட்டை இங்கே மாற்றப் போகிறேன். வீட்டுக்காரர் சுப்பராயலு, 'ரூமுக்கு வந்த பொண்ணுங்களுக்கு இங்க இன்னாத்துக்கு ஓட்டு? ஊருக்குப் போய் போட்டுக்க' என்றார். 'தண்ணி லாரி வரலன்னா நீங்க மட்டும்தான் போய்க் கத்துறீங்க, அண்ணே. எங்க ஓட்டும் இங்க இருந்தா சேர்ந்து கத்தலாமே' என்றேன். யோசித்துக்கொண்டே படியிறங்கியவர், சாயங்காலம் விலாசச் சான்றுக்குக் கரண்ட் பில் நகலைத் தானே கொண்டுவந்து கொடுத்தார்.

இன்னொரு சேதி. தொழிற்சாலையில் எங்கள் லைனில் புதிதாகச் சேர்ந்திருக்கும் கனகம் நாளை இங்கே குடிவருகிறாள். உன் கட்டிலை இத்தனை நாள் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தேன். இன்று துடைத்துப் புதுப்பாய் விரித்துவிட்டேன்.

அங்கே வாக்காளர் பட்டியலில் விலாசம் மாற்றப் பதினெட்டாம் தேதி கடைசி நாளாம். அதற்குள் ஓட்டை உன் வீட்டுக்கு மாற்றிவிடு. கையோடு ஒரு திரையும் வாங்கு, வெளிச்சத்தை முழுக்க மறைக்காததாகப் பார்த்து. மாட்டியதும் படம் அனுப்பு. அம்மா பார்க்க வேண்டுமாம். நானும்தான்.

என்றும் உன்,
சுகா